சமையலரை மாற்றாதீர்கள், மையத்தைப் பிரிக்காதீர்கள்

மழலையர் கல்வியில் பாகுபாடு குறித்து எங்கள் நிலைப்பாடு

1995 இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில் தொடக்கப்பள்ளிச் சிறுமி ஒருத்தி தாகத்துக்குப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். தலித் பிள்ளைகள் தொடக்கூடாத பானை அது. ஆசிரியர் அடித்த அடியில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. நாடே பேசிய செய்தி. முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று பள்ளிக்குள் வெளிப்படையாக இரண்டு பானை வைக்க எவரும் துணியமாட்டார்கள். அதனாலேயே சங்கதி முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். முடியவில்லை என்பது எங்கள் கருத்து. இரண்டு பானை இருந்த இடத்தில் இன்று இரண்டு அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் மூன்று முதல் ஆறு வயதுவரையிலான பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். சொல்ல வருவது ஒன்றுதான்: சாதியைக் காரணம் காட்டி எந்தப் பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தாலும், அதற்காக அங்கன்வாடிச் சமையலரையோ பணியாளரையோ இடமாற்றம் செய்யக்கூடாது, பக்கத்துத் தெருவில் இன்னொரு மையம் திறக்கவும் கூடாது. இப்படி ஆளை மாற்றுவதையும் மையத்தைப் பிரிப்பதையும் அதிகாரிகள் 'சமாதானம்' என்று கோப்பில் எழுதுகிறார்கள். எங்கள் பார்வையில் இது தீண்டாமைக்கு அரசு போடும் கையெழுத்து.

2018 இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பள்ளிச் சத்துணவுக்கூடத்துக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராக வந்தார். ஒரு பகுதிப் பெற்றோர் எதிர்த்தார்கள். உடனே அதிகாரிகள் செய்த முதல் காரியம், அந்தப் பெண்ணை வேறிடத்துக்கு அனுப்ப உத்தரவு போட்டது. போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு ரத்தாயிற்று, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவாயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்து 2023 செப்டம்பரில், காவிரிக்கு அக்கரையில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவுத் திட்டத்தில் அதே கதை. இங்கே ஆட்சியர் பிரபுசங்கர் நேரில் போனார். பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தால் வழக்கு என்றார். சமையலர் அங்கேயே நீடித்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையில் மனிதர்கள் பெரிதாக மாறிவிடவில்லை. முதல் நாள் அதிகாரி யார் பக்கம் நின்றார் என்பதே வித்தியாசம்.

இவை பள்ளிச் செய்திகள். அங்கன்வாடியில் நடப்பது செய்தியாவதே இல்லை, ஏனென்றால் அங்கே யாரும் ஆர்ப்பாட்டம் செய்யத் தேவையில்லை. பிள்ளையை அனுப்பாமல் இருந்தால் போதும். மையம் காலனியில் இருந்தால் ஊர்த்தெருப் பிள்ளைகள் பதிவேட்டில் மட்டும் இருப்பார்கள்; சத்துமாவு பாக்கெட் வாங்க மட்டும் பாட்டி வந்து போவார். மையம் ஊருக்குள், கோயிலை ஒட்டி இருந்தால், காலனிப் பிள்ளை வாசல்வரை வந்து கூச்சப்பட்டு நிற்கும். உள்ளே வந்தாலும் எந்த மூலையில் உட்காருவது என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளிலிருந்து போகும் முட்டைதான் தமிழ்நாட்டுச் சத்துணவின் அடையாளம். அந்த முட்டையை அவித்தது யார் என்று கேட்டு, நாமக்கல்லிலேயே சில வீட்டுப் பிள்ளைகள் தொடாமல் போவது எவ்வளவு பெரிய அவலம்!

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பள்ளி செல்லும் வயது வராத சிறுபிள்ளைகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். வயிறு நிறைவது பாதி. ஒரே பந்தியில் நிறைவது மறுபாதி. இந்த மறுபாதியை அளந்துபார்க்கும் ஏற்பாடு இன்றுவரை இல்லை. எடை பார்க்கிறோம், உயரம் பார்க்கிறோம். மேற்பார்வையாளர் நிரப்பும் படிவத்தில் 'எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்களா, ஒன்றாகச் சாப்பிடுகிறார்களா' என்ற கேள்வி இருக்கவேண்டும் என்கிறோம். மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இந்த ஒரு கேள்விக்கு உண்மையான விடை கிடைத்தாலே போதும், சாதி எந்த வயதில் தொடங்குகிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயரிலுள்ள சாதி அடையாளம் ஆகியவற்றை நீக்கச் சொன்னது. வரவேற்கிறோம். ஆனால் பதினான்கு வயதில் கயிறு கட்டுகிறவன் நான்கு வயதில் யாரோடு உட்கார்ந்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் 1940களில் கறுப்பினச் சிறுபிள்ளைகளிடம் வெள்ளைப் பொம்மை, கறுப்புப் பொம்மை இரண்டையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைக் காட்டின. மூன்று வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு. 1954 இல் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் சுட்டியது. நம் ஊர் நர்சரிப் பள்ளி ஆண்டு விழாவில் முன்வரிசையில் ஆடுவது எந்த நிறத்துக் குழந்தை என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பொம்மைகள் அந்நியமாகத் தோன்றாது.

சமையலை ஒன்றிய அளவில் பொதுக்கூடத்துக்கு மாற்றிவிட்டால் யார் சமைத்தார் என்ற பேச்சே எழாது என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களும் உண்டு. நாங்கள் உடன்படவில்லை. சமைத்தவரை மறைத்தால்தான் பிள்ளை சாப்பிடும் என்றால், மறைக்கச் சொன்னவர் ஜெயித்துவிட்டார். தவிர, அந்தப் பெண்களுக்கு ஊரிலேயே கிடைத்த அரசு வேலையும் போய்விடும். 2025 இல் அரசு அறிவித்த 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களில் இட ஒதுக்கீட்டின்படி பணியில் சேரும் ஒவ்வொரு பெண்ணும், முதல் நாளே அதிகாரியின் துணையோடு சமையலறைக்குள் போகவேண்டும். எதிர்ப்பு வந்தால் விசாரணை எதிர்ப்பவர்மீது நடக்கட்டும்.

சாதி மட்டுமே இங்குள்ள ஓரவஞ்சனை அல்ல. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளிலும் நாமக்கல் பண்ணைகளிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் தறிக் கொட்டகையிலும் பண்ணைக் கொட்டகையிலுமே வளர்கின்றன. 'ஆதார் வேறு ஊர்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. சேலம் மண்ணுக்குப் பலமொழி புதிதல்ல: தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டில் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. ஒடியா பேசும் பிள்ளையை வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லித்தர நம் டீச்சர்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நம்பவில்லை. கைதட்டவும் ஆடவும் எந்தப் பிள்ளைக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. எங்கள் வேண்டுகோள்: முகவரிச் சான்று கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள், பண்ணை முதலாளிகள் பிள்ளைகளை மையத்துக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்யட்டும். கோழித்தீவனத்துக்கு ஓடும் வண்டி பிள்ளைகளுக்கும் ஓடலாம்.

பெண்பிள்ளை விஷயத்தில் சேலத்துக்கு ஒரு கசப்பான முதலிடம் உண்டு. பெண்சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் தொடங்கியது இங்கேதான். 2001 கணக்கெடுப்பில், ஆறு வயதுவரையிலான 1,000 ஆண்பிள்ளைகளுக்கு 851 பெண்பிள்ளைகளே சேலத்தில் இருந்தார்கள். பிறகு நிலை மேம்பட்டது உண்மை. ஆனாலும் காலையில் தெருமுனையில் நின்று பாருங்கள்: ஒரே வீட்டிலிருந்து பையன் இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏறுகிறான், தங்கச்சி பால்வாடிக்கு நடக்கிறாள். வீட்டுக்குக் காசு பற்றாது என்பது காரணம்தான். யாருக்குப் பற்றவில்லை என்பதையும் வீட்டார்தான் முடிவு செய்கிறார்கள்.

மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 'நடக்கட்டும், பேசட்டும், பிறகு சேர்க்கலாம்' என்று திருப்பி அனுப்ப எந்த மையத்துக்கும் உரிமை கிடையாது.

கல்வி உரிமைச் சட்டம், 2009 ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு முன்பருவக் கல்வி ஏற்பாடு செய்யலாம் என்று அதன் 11 ஆம் பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே சட்டத்தின் வாலில் தொங்காமல் மாநில அரசே விதி வகுக்கவேண்டும். புதிய அங்கன்வாடிக் கட்டடத்துக்கு இடம் பார்க்கும்போது ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடம் என்பது முதல் நிபந்தனையாகட்டும். தானமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரு சாதியின் கோயில் நிலத்தில் கட்டவேண்டாம். அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தை நாங்கள் மதிக்கிறோம். அதன் படங்களிலும் கதைகளிலும் தறிக்காரர், துப்புரவுப் பணியாளர், லாரி டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் அதிகமாக வரட்டும். கறுத்த முகங்களும் வரட்டும். பணியாளர் பயிற்சியில் பாகுபாடு பற்றி அரைநாள் சொற்பொழிவு போதாது. பெற்றோர் சண்டைக்கு வரும்போது என்ன சொல்லவேண்டும், யாருக்குப் போன் செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சொற்பச் சம்பளம் வாங்கும் டீச்சரை ஊர்ப்பெரியவர்களின் முன்னால் தனியாக நிற்கவிட்டுவிட்டுச் சமத்துவம் பேசுவது நியாயமில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த வாரம் ஒரு நாள் மதியம் உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போங்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிடுங்கள். யார் வரவில்லை, யார் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குத் தனித் தட்டு என்று பாருங்கள். ஏதாவது தவறு கண்ணில் பட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வரலாம். எழுதித் தருகிறோம், கூடவே வருகிறோம்.