வேர் தேடும் அய்யாக்களுக்கு

ஜனவரி பிறந்தால் சென்னையில் அயலகத் தமிழர் நாள் கொண்டாட்டம். 2021 இல் அரசு அறிவித்து, 2022 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 12 இல் நடக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், மொரீசியஸ் என்று பல திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மேடையில் ராசேந்திர சோழன் மறுபடி மறுபடி கப்பல் ஏறுகிறான். கடாரம் மறுபடி மறுபடி விழுகிறது. போதாததற்கு ‘வேர்களைத் தேடி’ என்று ஒரு திட்டம், ‘எனது கிராமம்’ என்று இன்னொன்று. புலம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து இதுதான் உன் மண், இதுதான் உன் பண்பாடு என்று காட்டுகிறார்கள்.

காட்டட்டும். வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஒரே ஒரு சந்தேகம்தான். வேரைத் தேடிப் போகிற பிள்ளை ஊருக்குள்ளே போகுமா, சேரிக்குள்ளே போகுமா? கடல் தாண்டிக் கூலிக்குப் போனதில் பெரும் பகுதி பள்ளரும் பறையரும் சக்கிலியரும்தான். இலங்கைத் தோட்டத்து லயன்களிலும் மலேயா ரப்பர் காட்டிலும் போய்ப் பார்த்தால் தெரியும். அவர்களுடைய வேரைத் தோண்டிக்கொண்டே போனால் அது பெரிய கோயில் கோபுரத்தில் முட்டாது. மிராசுதாரன் களத்துமேட்டில், படியாள் கணக்கில் போய் முட்டும். அதை எந்தச் சுற்றுலா வண்டி காட்டப்போகிறது?

நான் எண்ணூர் பர்மா நகர்க்காரன். பிறந்தது பெகு. 1965 இல் ரங்கூனிலிருந்து மெட்ராஸுக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியபோது எனக்கு எட்டு வயது. சர்க்கார் காகிதத்தில் எங்களுக்கு ஒரு பேர் வைத்தார்கள்: ‘தாயகம் திரும்பியோர்’. அந்தப் பேரைத்தான் இங்கே விசாரணைக்கு எடுக்கிறேன். அறுபது வருஷமாச்சு. இன்னும் அது பொய்யாகவே இருக்கிறது.

திரும்புவது என்றால் என்ன? விட்டுப் போன ஒன்று இருக்கணும். வீடோ, காணியோ, கிணறோ, போய் உட்கார ஒரு திண்ணையோ. என் தாத்தா மதுராந்தகம் பக்கத்து ஆள். செங்கல்பட்டு ஜில்லாவில் அன்றைக்குப் பறையன் நிலைமை என்னவென்று நாம் சொல்லவேண்டாம், கலெக்டர் திரமென்கீர் என்ற வெள்ளைக்காரனே எழுதி வைத்திருக்கிறான். குடியிருக்கும் குடிசை நிலம்கூட மிராசுதாரனுடையது, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கி எறியலாம் என்று. அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1892 இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஆணை வந்தது. நிலம் எங்கே போச்சு? ஒரு நூற்றாண்டு கழித்து, 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போனவர்களைச் செங்கல்பட்டில் போலீசு சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இதுதான் அய்யா என் தாத்தாவின் ‘தாயகம்’. அவர் அதை விட்டுப் போகவில்லை. தப்பித்துப் போனார்.

தப்பித்துப் போன இடமும் சொர்க்கமில்லை. மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில் கப்பல் டிக்கெட். மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் பயணம். போய் இறங்கினால் அந்த முன்பணத்துக்கே மாதக்கணக்கில் உழைப்பு. நெல் அரவை மில், துறைமுக மூட்டை, கக்கூஸ் வாளி. ‘கப்பல் ஏறினா சாதி கடலோட போச்சு’ என்று பர்மாவில் பிறந்த எங்க பெருசுங்க பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போகவில்லை. கப்பலிலேயே கூட வந்தது. வாளி தூக்கியவன் யார், வட்டிக்கு விட்டவன் யார் என்று பாருங்கள். ஊரில் இருந்த அதே வரிசை.

பர்மா என்றதும் தமிழ் இலக்கியத்துக்கு நினைவு வருவது யார்? லேவாதேவிக்காரர்கள், தேக்கு மரத்தில் கட்டிய மாளிகை, ‘பராசக்தி’ படத்தில் ரங்கூனில் வசதியாக இருந்த குடும்பம். 1942 இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கால்நடையாக வந்ததை வெ. சாமிநாத சர்மா எழுதினார். நல்ல புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் அதே வழியில் நடந்து, வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் பாதையோரம் விழுந்து செத்த கூலிக்காரன் என்ன எழுதினான்? அவனுக்கு எழுத்து தெரியாது. தப்பியோடியவர்களில் வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை, கறுப்பனுக்கு ஒரு பாதை என்று ஒதுக்கினார்கள். அதற்கு முன்பே, 1941 டிசம்பரில் குண்டு விழுந்ததும் துறைமுகக் கூலிகளும் துப்புரவுக்காரர்களும் ஓடினார்கள், ரங்கூன் நாறியது. நகரம் நடக்கணுமே என்று, ஓடியவர்களைப் பாதி வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சாவதற்கும் உத்தரவு வாங்கவேண்டிய ஜனம் நாங்கள்.

இன்னொன்றையும் பேசியாகணும். இது நம்மவர் பலருக்குக் கசக்கும். பர்மாக்காரன் இந்தியனை வெறுத்தான் என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். ஏன் வெறுத்தான்? கீழ்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930 இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்தது, அடமானம் மூழ்கியது, 1938 வாக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு அவர்கள் கைக்குப் போய்விட்டது. நிலம் பறிகொடுத்த பர்மிய விவசாயியின் கோபம் பொய்யான கோபமா? சேரியில் பிறந்தவனுக்கு அந்தக் கோபம் புரியாமல் போகுமா? ஆனால் அந்தக் கோபம் விழுந்த இடம் எது? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, கப்பல் முதலாளிகள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை இறக்கினார்கள். பிறகு பழைய ஆட்களையே திரும்ப எடுத்துக்கொண்டு பர்மியரை விரட்டினார்கள். ஏழையும் ஏழையும் மோதியதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் கூலிகள். 1938 கலவரத்திலும் அதே கதைதான். பத்திரம் எழுதி வாங்கினது ஒருத்தன், உதை வாங்கினது இன்னொருத்தன். இரண்டு பேரையும் ‘பர்மாத் தமிழர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிப்போட்டால் யாருக்கு லாபம்?

1962 இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தான். கடை, மில், வங்கி எல்லாம் தேசியமயம். 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றான். நகையையும் பணத்தையும் ரங்கூன் சுங்கத்தில் பறித்துக்கொண்டு கப்பலேற்றினார்கள். அப்படி மூன்று லட்சம் பேர் வெளியேறியதில், ஏறத்தாழ 1,44,000 பேர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. காணியும் பங்காளியும் உள்ளவன் சொந்த ஊருக்குப் போனான். அவன் திரும்பியவன், அவனுக்கு அந்தப் பேர் பொருந்தும். ஒன்றுமில்லாதவன்? வியாசர்பாடி, எண்ணூர், எங்கே காலி மணல் கிடந்ததோ அங்கே. கொஞ்சம் வாய் சாமர்த்தியமும் கைக்காசும் உள்ளவனுக்கு 1969 இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார். அதே 1969 இல் எங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியும் வந்தது, ரெப்கோ. அந்தப் பேரின் முதலெழுத்துகளில் ‘தாயகம் திரும்பியோர்’ ஒளிந்திருப்பது இன்றைக்கு நகைக்கடனுக்கு வரிசையில் நிற்பவனுக்குத் தெரியாது.

தாயகம் எங்களை எப்படி ஏந்திக்கொண்டது என்பதற்கு ஒரே ஒரு சாட்சி போதும். அதன் பேர் மோரே. மணிப்பூரில், பர்மா எல்லையை ஒட்டிய ஊர். இங்கே பிழைக்க வழியில்லாமல் நம் ஆட்கள் சிலர் ரயிலேறி மணிப்பூர் போய், அங்கிருந்து நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தார்கள். பர்மாப் பட்டாளம் எல்லையில் மடக்கித் திருப்பியது. மெட்ராஸுக்கு வர மனசில்லை. அங்கேயே குடிசை போட்டார்கள். கோயிலும் தமிழ்ச் சங்கமுமாக அது ஒரு தமிழ் ஊராகவே ஆச்சு. யோசித்துப் பாருங்கள். தன்னைத் துரத்தியடித்த நாட்டுக்கு, பட்டாளக்காரன் துப்பாக்கிக்கு எதிரே, நடந்தே போக ஒருத்தன் துணிகிறான் என்றால், இந்தத் தாயகம் அவனுக்கு என்ன கொடுத்திருக்கும்? 2022 ஜூலையில் மோரேவிலிருந்து எல்லை தாண்டி தமுவுக்குப் போன இரண்டு தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரிந்தபோது மோரேவும் எரிந்தது. சென்னை மேடையில் அவர்களுக்காக எத்தனை பேர் தொண்டை கிழியப் பேசினார்கள்?

இப்போது எங்கள் பகுதிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். அத்தோ சாப்பிட. மொய்ங்கா சாப்பிட. ‘வடசென்னையில் ஒரு குட்டி பர்மா’ என்று எழுதுகிறார்கள். வாழைத்தண்டு போட்ட குழம்பு என்ன ருசி, வறுத்த பூண்டு என்ன மணம்! ஒரு தம்பி வந்து, ‘அங்கிள், உங்க நினைவுகள் சொல்லுங்க’ என்றான். ‘இன்னா நைனா சொல்றது, மூக்கை மூடிக்காம ஒரு நாள் இங்க குந்திப் பாரு’ என்றேன். சிரித்தான். எழுதவில்லை.

ருசி எழுதுகிறவன் காற்றை எழுதமாட்டான். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 இல் புகைய ஆரம்பித்து 2017 மார்ச்சில் மூடப்பட்டது. ‘அப்பாடா’ என்று மூச்சு விடுவதற்குள் விரிவாக்கம் என்று 2024 டிசம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரம் கறுத்தது. அதே மாதம் 26 ஆம் தேதி ராத்திரி கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் சின்னகுப்பத்து ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு தெருவில் ஓடினார்கள். குப்பத்து மீனவரையும் எங்களைப் போன்ற வந்தேறிகளையும் துப்புரவுக் குடியிருப்பையும் ஒரே பக்கம் ஒதுக்கி, அந்தப் பக்கத்திலேயே நகரத்தின் நெருப்பையும் கழிவையும் கொட்டுவது தற்செயலா? ஊருக்கு வெளியே சேரி, சேரிப் பக்கம் சுடுகாடு. கிராமத்தில் எழுதின அதே வரைபடத்தை மாநகராட்சியும் தொழில் துறையும் பெரிதாக்கி வரைந்திருக்கின்றன.

சரி, அப்படியானால் பர்மாதான் என் தாயகமா? அதுவும் இல்லை. இதில் நம் தலித் தோழர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனில் கிளை இருந்தது. பாபாசாகேப் 1954 டிசம்பரில் ரங்கூன் உலகப் பௌத்த மாநாட்டுக்குப் போனார். நமக்குப் பெருமைதான். அதற்காகப் பர்மாவையும் இலங்கையையும் பௌத்த பூமி என்று கண்ணில் ஒற்றிக்கொள்ள முடியுமா? அந்தப் பௌத்த பூமியில் எங்களுக்குப் பேர் ‘கலா’. நம்ம ஊரில் சேரிப் பேரைச் சொல்லித் திட்டுகிற அதே தொனி. 1982 குடியுரிமைச் சட்டம் மனுசரை முழுக்குடி, அரைக்குடி, கால்குடி என்று வகை பிரித்தது. 2017 இல் ரோகிங்கியா கிராமங்கள் எரிந்தபோது அதற்குச் சாமியார்கள் தூபம் போட்டார்கள். 2021 பிப்ரவரியில் பட்டாளம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது, 2024 இல் கட்டாய ராணுவச் சேவை. அங்கேயே தங்கிவிட்ட எங்கள் சொந்தக்காரர் வீட்டில் இன்றைக்கு வாலிபப் பிள்ளைகளை ஒளித்து வைக்க இடம் தேடுகிறார்கள். அரசாங்கம் காவி கட்டிக்கொண்டால், அது எந்த நிறக் காவியானாலும், பண்டிதர் சொன்ன தம்மம் அங்கே இருக்காது.

இலங்கையில் இது இன்னும் அப்பட்டம். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 உயிரைப் பாகம் பிரித்தார்கள். 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மீதி பிறகு பார்ப்போம். ஆடு மாடு பிரிக்கிறவன்கூட அதைத் தடவிப் பார்த்துப் பிரிப்பான். இவர்கள் ஒருத்தரையும் கேட்கவில்லை. இப்படி வந்தவர்களை நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே அனுப்பினார்கள். மலையிலேயே தங்கி, கலவரத்துக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இறங்கி, 1983 க்குப் பிறகு படகேறி வந்தவர்கள் இங்கே முகாமில். இந்திய வம்சாவளி என்று சொல்லித்தான் அங்கே குடியுரிமையைப் பறித்தான். இங்கே வந்தால் இலங்கை அகதி. 2003 திருத்தத்துக்குப் பிறகு இன்னொரு பேரும் சேர்ந்தது, சட்டவிரோதக் குடியேறி.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன. இலங்கை இல்லை, பர்மா இல்லை. இஸ்லாமியரை வெளியே தள்ளவென்று எழுதிய சட்டம். இந்துவாக இருந்தாலும் இவர்கள் தமிழர், அதிலும் பாதிக்கு மேல் சேரி ஜனம், டில்லிக்கு என்ன நட்டம்? மாநிலங்களவையில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் இஸ்லாமியப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பர்மா நகரிலிருந்து நாங்கள் சிலர் போனோம். ‘உங்களுக்கு இன்னாய்யா இதுல?’ என்று எங்க ஆட்களே கேட்டார்கள். காகிதம் கேட்டு மனுசனைத் துரத்துவது எப்படி இருக்கும் என்று எங்களை விட வேறு யாருக்குத் தெரியும்?

காகிதம் என்றதும் கடைசியாக ஒன்று. பிள்ளைக்குச் சாதிச் சான்று கேட்டுப் போனால் அந்தப் பாரத்தில் ‘பூர்வீகம்’ என்று ஒரு கட்டம். 1950 க்கு முன்னால் உன் குடும்பம் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தது, ஆதாரம் கொண்டா என்கிறார்கள். ஆதாரம் என்றால் பட்டா, கிரயப் பத்திரம், வீட்டு வரி ரசீது. பறையனுக்கு நிலம் இல்லாததால்தான் கப்பலேறினான். நிலம் இல்லாததால் அவன் பறையன் என்று நிரூபிக்க முடியவில்லை. தெருவில் போகும்போது மட்டும் யாரும் ஆதாரம் கேட்பதில்லை, பார்த்ததுமே தெரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே அய்யாக்களே, எங்கள் பேரன் பேத்திகளுக்கு வேர் தேடிக் கொடுக்க நீங்கள் சிரமப்பட வேண்டாம். குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா கொடுங்கள். எங்கள் சொல்லையும் அக்கம்பக்கத்தார் சாட்சியையும் வைத்துச் சாதிச் சான்று கொடுங்கள். முகாமில் இருக்கும் மலையக ஜனத்துக்கு, 1964 இல் வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தக் குடியுரிமையைக் கொடுங்கள். அனல்மின் நிலையம் இன்னொன்று கட்டணுமென்றால் அதைப் போட் கிளப் பக்கம் கட்டிப் பாருங்கள். ராசேந்திர சோழனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவன் கப்பலில் துடுப்புப் போட்டவன் பேர் கிடைத்தால் மட்டும் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.