மட்கலமும் மாண்புடைத்தே

கலையின் உயர்வு எதனால் அமைகிறது? எடுத்துக்கொண்ட பொருளாலா, எடுத்தாளும் திறத்தாலா? பொருளால்தான் என்று அடித்துக் கூறுவோர் உளர். அரசரையும் போரையும் தீட்டினால் அது பேரோவியம். வீட்டுக் கலங்களைத் தீட்டினால் அது வெறும் கைப்பழக்கம். இதுவே அவர்தம் கணக்கு.

இக்கணக்கிற்கு ஏட்டுச் சான்றும் உண்டு. 1667ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆந்திரே ஃபெலிபியன் ஓவியங்களுக்குப் படிநிலை வகுத்தார். பழம், பூ முதலியவற்றைத் தீட்டுவோரைக் கீழ்ப்படியில் நிறுத்தினார். மனித உருவங்களைக் கொண்டு வரலாற்றையும் புராணத்தையும் தீட்டுவோரை மேலே ஏற்றினார். கற்றோர் பலர் அதனைச் சட்டமெனவே ஏற்றனர்.

அக்கொள்கையை மறுக்க நீண்ட வாதம் வேண்டா. ஓர் ஓவியம் போதும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிரான்சிஸ்கோ டி சுர்பரான் (1598–1664) தீட்டிய அவ்வோவியம் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் 46 செ.மீ., அகலம் 84 செ.மீ. அளவே. பரோக் காலத்திற்குரிய கரிய பின்னணி. அதன்முன் ஒரு மேடை. மேடைமேல் வரிசையாக நான்கு கலங்கள். இடக்கோடியில் தட்டின்மீது பொன்னிறக் கோப்பை. அடுத்து ஒரு வெண்மண் கலம். அதனை அடுத்து ஒரு செம்மண் கலம். வலக்கோடியில் தட்டின்மீது மற்றொரு வெண்மண் கலம். வெண்மண் கலங்கள் மெருகிடாதவை. நீர் அவற்றின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகும். உள்ளே எஞ்சிய நீர் குளிரும். ஏழையும் அறிந்த எளிய பொருள்கள் அவை.

இடப்புறத்து ஒளி நான்கின்மீதும் படிகிறது. பொன்னிறக் கோப்பை நடுவிடம் பெறவில்லை. மண் ஒதுங்கி நிற்கவுமில்லை. பொன்னுக்கு ஒரு நீதி, மண்ணுக்கு ஒரு நீதி என்று ஓவியர் வகுக்கவில்லை. அறிஞர் வகுத்த படிநிலை இம்மேடையில் செல்லாக் காசாயிற்று.

பெரும்பொருளைத் தீட்ட இயலாதவர் சிறுபொருளை நாடினார் எனலாமோ? ஒருகாலும் இயலாது. 1634இல் நான்காம் பிலிப்பு மன்னரின் அரண்மனைக்கு ஹெர்குலிஸின் வீரச் செயல்களைத் தீட்டிய கையே இக்கலங்களையும் தீட்டியது. துறவியரும் திருத்தொண்டரும் அவர் தூரிகையில் உயிர்பெற்றனர்.

இனி, இக்கலங்களுக்குள் சமயப் பொருள் மறைந்துள்ளது, அதனாலேயே ஓவியம் உயர்ந்தது என்பாரும் உளர். உள்ளுறை இருப்பின் இருக்கட்டும். ஆயினும், கலம் கலமாகக் கண்முன் நின்ற பின்னரே அது வேறொன்றைச் சுட்ட முடியும். காண வேண்டியதைக் காணாமல் கருத்தைத் தேடுவோர் உமியைக் குற்றிக் கை வருந்துவோரே.

இலக்கியம் பயிற்றும் ஆசிரியர்க்கும் பயிலும் மாணவர்க்கும் இவ்வோவியம் உரைகல்லாகும். உயர்ந்த தலைப்பு இருப்பதனால் மட்டும் கட்டுரை உயர்ந்துவிடுவதில்லை. எளிய தலைப்பு இருப்பதனால் அது தாழ்ந்துவிடுவதுமில்லை. வானத்தைப் பாடப் புகுமுன் வீட்டுக் குடத்தை உற்று நோக்கக் கற்பிப்பதே நல்லாசிரியர் கடன்.