அரக்குச் சேலையும் கூரை விளக்கும்

நமது சங்கங்களின் விற்பனை நிலையங்களில் பழைய குழல்விளக்குகளை அகற்றிவிட்டு, உட்கூரையில் பதிக்கும் எல்.இ.டி. விளக்குகளை அமைத்து வருகின்றனர். மின்செலவு குறைகிறது, அது வரவேற்கத்தக்கதே. ஆயின் விலையையும் வாட்டையும் மட்டுமே பார்த்துக் கொள்முதல் செய்வது சரியன்று என்பது எமது அபிப்பிராயம்.

வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளி பெரும்பாலும் நீல ஒளியை மஞ்சள் பூச்சின் வழியே செலுத்திப் பெறப்படுவது. மலிவான விளக்குகளில் செவ்வொளி மிகக் குறைவு. ஆகையால் அரக்குச் சேலை அங்கே பழுப்பாகத் தோன்றும். சேலையை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பார்க்கும் அம்மையாரை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறு பாராதவர், “நான் எடுத்த நிறம் இதுவன்று” என மறுநாள் திருப்பிக் கொணர்கிறார். பழி சாயக்காரர்மீது விழுகிறது. சரக்குத் தேங்கினால் நெசவாளருக்கு அடுத்த பாவு கிடைப்பதும் தள்ளிப் போகிறது.

ஆகவே நிறங்காட்டும் எண்ணை, அதாவது சி.ஆர்.ஐ. என்பதை, முதலில் கேட்க வேண்டும். பகலொளிக்கு அது 100. வீட்டுக்கு 80 போதும். துணிக்கடைக்கு 90க்குக் குறையலாகாது. இதிலும் ஒரு சூது உண்டு. அவ்வெண் 8 மங்கிய நிறங்களின் சராசரியே. ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது, கணக்கில் சேராது. ஆர்-9 என்னும் அம்மதிப்பைத் தனியே கேட்டறிக. ஒளி 4000 கெல்வின் அளவில் இருத்தல் நலம். 6500இல் நீலம் தட்டும். 3000இல் சரிகை மின்னும், வெண்பட்டோ மஞ்சளிக்கும்!

விளக்கு கைக்கு வந்தபின்னரே உட்கூரையில் துளை அறுக்க வேண்டும். அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்.இ.டி.யின் சூடு பின்புறமாக வெளியேறுவதால் மேலே காற்றிடம் வேண்டும். நடைவழியின் நடுவில் வைக்காமல், துணி விரிக்கும் மேசைக்கு மேலாக வைக்கவும்.

தறிக்கூடத்துக்கு இவ்விளக்கு ஏற்றதன்று. தலைக்குமேல் ஒற்றை விளக்கிருந்தால் நெசவாளரின் நிழலே நெய்யுமிடத்தில் விழும். அங்கே இருபுறமும் நீண்ட விளக்குகளே வேண்டும்.

நிர்வாகிகள் மொத்தமாக வாங்குமுன் மாதிரிக்கு ஒரு விளக்கை மாட்டி, அரக்கு, மயில்கழுத்து, வெண்பட்டு மூன்றையும் அதன்கீழ் விரித்துப் பார்க்கட்டும். பிறகு அவற்றையே வாசலில் வைத்துப் பார்க்கட்டும். அப்போது சாயக்காரரும் உடனிருத்தல் வேண்டும்.