வாலிபரின் நெஞ்சுப் படபடப்பு: எது சாதாரணம், எது ஆபத்து?



சொந்த ஊரை விட்டு மும்பை, டெல்லி, சூரத், பெங்களூரு போன்ற நகரங்களுக்குப் பிழைப்பைத் தேடி வந்திருக்கும் வாலிபரில் அநேகர் ஒரு காரியத்தை யாரிடமும் சொல்வதில்லை. இரவில் படுத்தபின் நெஞ்சு திடீரென்று படபடக்கிறது. சில வேளை ஒரு துடிப்பு தவறிவிட்டதுபோல் தோன்றுகிறது. சில வேளை இடப்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் விசாரித்தால், "நன்றாயிருக்கிறேன் அம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சிலர் இதை வாயுத்தொல்லை என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வேறு சிலரோ மாரடைப்பு வந்துவிட்டது என்று அஞ்சி உறக்கத்தை இழக்கிறார்கள்.

இளவயதில் உண்டாகும் படபடப்பில் பெரும்பங்கு ஆபத்தில்லாதது. ஆயினும் சில அடையாளங்கள் காணப்பட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. இவ்விரண்டையும் பிரித்தறியும் விதத்தை இம்மாதம் பார்ப்போம்.

துடிப்பை நாம் உணர்வது ஏன்?

இருதயத்தின் வலது மேலறையில் சிறிய திசுத்திரள் ஒன்று இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டில் இதை விவரித்தார்கள். இதிலிருந்து புறப்படும் மெல்லிய மின்தூண்டுதலே இருதயத்தைத் துடிக்கச் செய்கிறது. ஓய்வாயிருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை, ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் தடவை அது துடிக்கிறது. இவற்றை நாம் உணர்வதில்லை. துடிப்பு வேகமாகும்போதோ, பலமாகும்போதோ, ஒழுங்கு மாறும்போதோதான் உணர்கிறோம்.

"ஒரு துடிப்பு நின்றுபோனது" என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே: முறைக்கு முன்பாக ஒரு துடிப்பு வந்துவிடுகிறது. அதன்பின் சிறிய இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் இருதயத்தில் கூடுதலாக இரத்தம் நிரம்புவதால், அடுத்த துடிப்பு பலமாக அடிக்கிறது. இருதயத்தில் வேறு நோயில்லாத வாலிபருக்கு இது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை.

நகர வாழ்க்கையும் படபடப்பும்

இரவு நேர வேலை, உறக்கக் குறைவு, வேலையின் நடுவே அடிக்கடி குடிக்கும் தேநீர், உற்சாக பானங்கள், பீடி, சிகரெட் ஆகிய யாவும் துடிப்பை வேகப்படுத்தும். சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும் அப்படியே செய்யும். உபவாச நாட்களில் தண்ணீரும் அருந்தாதிருந்து, முழு இரவு ஜெபத்தில் கண்விழித்து, காலையில் வெறும் வயிற்றில் காபி குடிப்பவர்களுக்கும் படபடப்பு வரக்கூடும். சரீரத்தில் நீர் குறைந்தால் இருதயம் வேகமாக ஓடித்தான் ஈடுசெய்ய வேண்டும்.

வாலிபப் பெண்கள் படபடப்பைச் சொன்னால், "பயந்த சுபாவம்" என்று வீட்டார் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல், களைப்பு ஆகியவற்றோடு படபடப்பும் இருந்தால் ஹீமோகுளோபின் அளவை முதலாவது பாருங்கள். நன்றாக உண்டும் எடை குறைந்து, கை நடுங்கி, அதிகமாக வியர்த்தால் தைராய்டு பரிசோதனையும் அவசியம்.

மனக்கலக்கமும் ஒரு மெய்யான காரணமே. கடன், வேலையைக் குறித்த பயம், தனிமை ஆகியவற்றால் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல் நுனிகள் மரத்து, "செத்துவிடுவேன்" என்ற திகில் சிலருக்கு எழும்பும். இது பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தை அடைந்து பின்பு மெல்ல அடங்கும். இது நடிப்பல்ல, விசுவாசக் குறைவும் அல்ல. சிகிச்சையால் குணமாகக்கூடிய ஒன்று. ஆனால் மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும் முன்னே, "எல்லாம் மனப்பயம்" என்று நாமே முடிவுகட்டக் கூடாது.

நெஞ்சு வலியின் வகைகள்

விரலால் ஓரிடத்தை அழுத்தினால் வலி கூடுகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் விலா எலும்பின் இணைப்பிலோ தசையிலோ உண்டான வலி. மூட்டை தூக்குகிறவர்களுக்கும், புதிதாக உடற்பயிற்சி தொடங்குகிறவர்களுக்கும் இது வரும். இரவு பதினொரு மணிக்குக் காரமாக உண்டு உடனே படுப்பவர்களுக்கு நெஞ்செரிச்சல் வரும். புளித்த ஏப்பமும் அதனுடன் சேரும்.

இருதயத்திலிருந்து வரும் வலி வேறுவிதமானது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவதுபோல் இருக்கும். இடது கை, தோள், தாடை ஆகிய இடங்களுக்குப் பரவும். குளிர்ந்த வியர்வை, குமட்டல் உண்டாகும். "எனக்கு முப்பதுதானே" என்று சொல்லி இதை அலட்சியம் செய்யாதீர்கள். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், மற்ற நாட்டினருக்கு ஏறக்குறைய 59 வயதில் வருகிறது என்றும் 2007இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. சராசரியே 53 என்றால், அதற்கு வெகு முன்னரே தாக்கப்படுகிறவர்களும் உண்டு. இளவயது மாரடைப்பில் புகைப்பழக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

தாமதிக்கலாகாத அடையாளங்கள்

1. படபடப்புடன் மயங்கி விழுதல். விசேஷமாக, ஓடும்போதோ பாரம் சுமக்கும்போதோ மயங்குதல்.
2. மேலே சொன்ன, அழுத்தும் வலியும் வியர்வையும்.
3. திடீரென்று குத்தும் வலியோடு மூச்சுத் திணறல். உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் வாலிபருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தும் இப்படி நேரிடலாம்.
4. விளக்கைப் போட்டதுபோல் திடீரெனத் தொடங்கி, நிமிடத்துக்கு 150க்கு மேல் ஓடி, நிற்காமல் நீடிக்கும் துடிப்பு.
5. வைரஸ் காய்ச்சல் வந்த சில நாட்களுக்குள் நெஞ்சு வலியும் மூச்சு வாங்குதலும்.

இவற்றில் ஒன்று நேரிட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் 112 அல்லது 108 எண்ணை அழையுங்கள். அல்லது ஆட்டோ பிடித்தாகிலும் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தனியே போகவும் வேண்டாம், இருசக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம்.

குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென மரித்திருந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இருதயத் தசை தடித்துப்போகும் நோயும், மின்னோட்டக் கோளாறுகள் சிலவும் பரம்பரையாக வரக்கூடியவை.

நின்றுபோன பென்சிலின் ஊசி

நம்மவருக்கு விசேஷமாகச் சொல்லவேண்டிய காரியம் ஒன்று உண்டு. சிறுவயதில் தொண்டைப் புண் வந்து, அதன்பின் முழங்கால், கணுக்கால் மூட்டுகள் மாறிமாறி வீங்கியதுண்டா? "வாதக் காய்ச்சல்" என்று சொல்லி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்களா? அந்தக் காய்ச்சல் இருதய வால்வுகளைக் கெடுக்கவல்லது. மீண்டும் அது வராமல் காப்பதற்கே அந்த ஊசி. ஊரில் ஒழுங்காகப் போட்டுவந்த பிள்ளை, வேலைக்காக நகரத்துக்கு வந்தபின் எங்கே போடுவதென்று தெரியாமல் நிறுத்திவிடுகிறது. சில வருஷங்களில் படபடப்பும் மூச்சு வாங்குதலும் தொடங்குகின்றன.

பெண்பிள்ளைகளின் காரியம் இன்னும் கடினமானது. வால்வு நோய் இருப்பது தெரிந்தால் வரன் அமையாது என்று மறைத்துத் திருமணம் செய்துவைக்கிறார்கள். கர்ப்பகாலத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. வால்வு சுருங்கியிருந்தால் அந்தச் சுமையைத் தாங்காமல் தாயின் உயிருக்கே ஆபத்து நேரிடலாம். முன்னதாகவே சொல்லிச் சிகிச்சை பெற்றால், பலூன் முறையில் வால்வை விரிக்கவும் பெரும்பாலும் வழியுண்டு. ஆகையால் பெற்றோரே, பழைய மருத்துவச் சீட்டுகளைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள். வாலிபரே, அவற்றோடு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசியைத் தொடருங்கள். எப்போது நிறுத்துவதென்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது

படபடப்பு வரும் நேரத்தில் மணிக்கட்டில் விரல்வைத்து 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். எண்ணிக்கை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, துடிப்பு ஒழுங்காக இருந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிவையுங்கள். கூடுமானால் படபடப்பு இருக்கும்போதே இ.சி.ஜி. எடுங்கள். அது அடங்கியபின் எடுத்த இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், கோளாறே இல்லை என்று அதனால் மட்டும் சொல்ல முடியாது. தேவையானால் 24 மணிநேரப் பதிவும், எக்கோ பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதை எடுத்துச் செல்லுங்கள்.

இந்தி பேசும் நகரங்களில் மொழி தெரியாமலே சிலர் மருத்துவமனையைத் தவிர்க்கிறார்கள். மூன்று சொற்கள் போதும்: படபடப்புக்கு "தட்கன்", நெஞ்சு வலிக்கு "சீனே மே தர்த்", தலைசுற்றலுக்கு "சக்கர்".

வாலிபர் தங்கும் அறைகளில் ஒருவருக்கொருவர் கவனமாயிருங்கள். உடனிருக்கும் சகோதரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவனுக்காக ஜெபியுங்கள். ஜெபித்துக்கொண்டே மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அவன் ஊர் முகவரியையும், வீட்டார் தொலைபேசி எண்ணையும் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.