சத்து மாத்திரை தானே சார்!

பக்கத்து ஃப்ளாட் நண்பர் நம்மூர்க்காரர். வீட்டில் ஒரு லாப்ரடார். முடி பளபளக்க வேண்டுமாம், தான் விழுங்கும் 400 மில்லிகிராம் வைட்டமின் ஈ மாத்திரையை அதற்கும் தினம் ஒன்று போடுகிறார். டாக்டரைக் கேட்டீங்களா என்றேன். "சத்து மாத்திரை தானே சார், அதிகமானா தானா வெளியே போயிடும்."

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே போவதெல்லாம் பெரும்பாலும் பி, சி மாதிரி தண்ணீரில் கரைகிற சமாச்சாரங்கள். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. அவ்வளவு சுலபமாகக் கிளம்பாது.

டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கொழுப்பு நீக்கிய தீனி போட்டுக் கோழிக்குஞ்சு வளர்த்தார். குஞ்சுகளுக்கு ரத்தம் உறையவில்லை, உள்ளுக்குள் கசிந்தது. தீனியில் இல்லாமல் போன பொருளுக்கு 1935-ல் வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். 1943-ம் ஆண்டு நோபல் பரிசில் பாதி அவருக்கு. கல்லீரலில், ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் சிலவற்றை வேலைக்குத் தயார் செய்வது இந்த கே தான்.

ஈ அளவு மீறினால் கே-யின் பிழைப்பில் மண். எலிகளுக்கு தினமும் கிலோ எடைக்கு 500 மில்லிகிராம் கொடுத்ததில் ரத்தக்கசிவு வந்தது. ஏ-யும் சளைத்ததல்ல. அளவுக்கு மிஞ்சி ஏ கொடுத்த எலிகளும் ரத்தம் கசிந்தன, கே கொடுத்ததும் தேறின.

எலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். 2000-ம் ஆண்டில் அமெரிக்க நிபுணர்கள் பெரியவர்களுக்கு மாத்திரையாக எடுக்கும் ஈ-க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்தார்களே, அதன் கணக்கே அந்த எலிகளின் ரத்தக்கசிவிலிருந்து போட்டதுதான். நமக்குத் தேவை என்று அவர்கள் சொன்னது வெறும் 15 மில்லிகிராம்!

ஒரு மாத்திரையில் நாய் செத்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை அதற்கல்ல. நண்பரின் அப்பா இதய வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுபவர். 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, பிறகு மனிதருக்கும் மருந்தான அதே வார்ஃபரின். கே-யை முடக்குவதுதான் அதன் வேலையே. அவருக்கும் இதே ஈ மாத்திரை, கால் குடைச்சலுக்காம்! ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் அடி.

வட்டி கால் சதவீதம் கூடினால் கவுண்டரில் பத்து கேள்வி கேட்கிறோம். மருந்துக்கடையில் மட்டும் ஏன் சார் வாயை மூடிக்கொள்கிறோம்? பெரியவரை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது சத்து மாத்திரை அட்டையையும் பையில் போடுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். எலி கணக்கு மட்டும் புரிந்தது.