பொருளுக்குப் பெயர் வேண்டும்

தம்போய் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? காட்டுப் பழம் தெரிந்த பெரியவர்கள் தம்போய் மரத்தைச் சொல்வார்கள். ஜொகூர் பாருக்காரர்கள் அங்குள்ள பெரிய மனநல மருத்துவமனையைச் சொல்வார்கள். இன்று அதற்கு பெர்மாய் மருத்துவமனை என்று பெயர். ஆனால் போர்க்காலச் சரித்திரம் படித்த ஓர் ஆஸ்திரேலியரைக் கேட்டால், அவர் 1941-ஆம் ஆண்டைச் சொல்வார்.

அந்த ஆண்டு நவம்பர் மாதம் ஆஸ்திரேலிய இராணுவத்தின் 13-ஆவது பொது மருத்துவமனை, தம்போய் மனநல மருத்துவமனைக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரிக் கடைசியில் அந்த மருத்துவர்களும் தாதியரும் சிங்கப்பூருக்குப் பின்வாங்கிவிட்டார்கள். தம்போயில் அவர்கள் இருந்தது சுமார் இரண்டு மாதம்தான். அந்தத் தாதியரில் ஒருவர் விவியன் புல்விங்கல். 1942 பிப்ரவரி 16-ஆம் தேதி பங்கா தீவின் கடற்கரையில் ஜப்பானியப் படையினர் 22 தாதியரைக் கடலுக்குள் நடக்கச் சொல்லிப் பின்னாலிருந்து சுட்டார்கள். உயிர் தப்பியவர் விவியன் ஒருவரே. 2023-ஆம் ஆண்டு கான்பெரா நகரில் உள்ள போர் நினைவகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இரண்டு மாதம் தங்கியவர்களுக்குப் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, நாட்குறிப்பு இருக்கிறது. அதே ஜொகூர் மண்ணில் தெப்ராவ், ஸ்கூடாய், கூலாய் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமாருக்கு என்ன இருக்கிறது? செக்ரோலில் ஒரு நம்பர் இருந்தது. அந்தச் செக்ரோல் இப்போது எங்கே? யாருக்குத் தெரியும்!

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் எழுதி வைத்தார்கள், பாதுகாத்தார்கள், அதனால் இருக்கிறது. நாமும் எழுதி வைத்தால் நம்முடையதும் இருக்கும். அதற்கு ஒரு வழிதான் ஊர்ச் சரித்திரச் சங்கமும், அந்தச் சங்கம் நடத்தும் சின்ன நினைவு இல்லமும். 'அதெல்லாம் படித்தவர்கள் வேலை, பணக்காரர்கள் வேலை' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மைப் போன்ற தோட்டத்து மக்களுக்காகவே அப்படி ஓர் இல்லம் நடக்கிறது. அதைப் பார்க்க நாம் இலங்கைக்குப் போக வேண்டும்.

கம்பளை காட்டிய வழி

இலங்கை மலையகத்தில் நம்மவர்கள் முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போனவர்கள். நமக்கு ரப்பர், அவர்களுக்குத் தேயிலை. நமக்குப் பிரட்டு, அவர்களுக்கும் பிரட்டு. நமக்கு இருந்தது போலவே அவர்களுக்கும் கங்காணி, லயம், மாரியம்மன் கோயில், தப்பு எல்லாம் உண்டு.

அந்த நாட்டில் கண்டி நகருக்கு அருகே ஹந்தானையில் ஒரு தேயிலை மியூசியம் இருக்கிறது. 1925-இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையைச் சீர்ப்படுத்தி 2001-இல் திறந்தார்கள். பெரிய பெரிய இயந்திரங்களும், 1867-இல் இலங்கையில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் துரையின் ஞாபகப் பொருட்களும் அங்கே உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் கொழுந்து பறித்த கை எங்கே என்ற கேள்வி நிற்கத்தானே செய்யும்?

அந்தக் கேள்விக்குப் பதிலாக 2007-இல் இன்னொரு மியூசியம் பிறந்தது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம், கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது. அதற்கென்று பளிங்கு மாளிகை கட்டவில்லை. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து வீட்டையே எடுத்துக்கொண்டார்கள். வேலைக் கருவிகள், வீட்டில் புழங்கிய சாமான்கள், வாத்தியங்கள், பழைய பத்திரங்கள் எல்லாம் அந்த லயத்துக்குள் வந்தன. நாம் அவமானம் என்று நினைத்து இடித்துப் போட்ட லயத்தை, அவர்கள் சாட்சி என்று நினைத்து நிறுத்தி வைத்தார்கள்.

காகிதம் உயிரைக் காக்கும்

சாட்சி என்று சும்மா சொல்லவில்லை. 1948-இல் இலங்கை அரசாங்கம் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது சட்டம். தோட்டத்து ஏழையிடம் பிறப்புப் பத்திரம் ஏது? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறீமாவோ, சாஸ்திரி இரு பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டு அவர்களைப் பங்கு பிரித்தார்கள். எஞ்சி நின்றவர்களுக்கு வழி பிறந்தது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். கணக்குப் பாருங்கள், 55 ஆண்டுகள்!

நம் நாட்டிலும் இந்தக் கதை தெரியாததல்ல. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றானது. பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தும் பத்திரம் இல்லாமல் தவித்த நம்மவர்களைப் பதிவு செய்ய 2011-இல்கூட அரசாங்கம் 'மைடஃப்தார்' என்று ஓர் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

ஆகவே, டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளி விடுகைச் சான்று, தொழிற்சங்க அட்டை, சம்பளத் துண்டு ஆகியவற்றைக் குப்பை என்று நினைக்காதீர்கள். சங்கம் ஒன்று அமைந்தால் அது முதலில் கேட்க வேண்டியது குத்துவிளக்கையும் உரலையும் அல்ல, இந்தக் காகிதங்களைத்தான். அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். சங்கத்துக்கு நகல் போதும். அடையாளக் கார்டு நம்பர் தெரியும்படி எதையும் சுவரில் மாட்டக் கூடாது.

ஏட்டில் தொடங்குங்கள்

நம்மவர்கள் சங்கம் ஆரம்பித்தால் முதல் வேலை என்ன? திறப்பு விழா, மாலை, பொன்னாடை, படம். ஆறு மாதத்தில் பூட்டு. வீட்டுக்கு முன்னால் ஏடு வர வேண்டும் என்பதே இந்த வாரம் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர். என்ன பொருள், யார் கொடுத்தது, எந்தத் தேதி, யார் புழங்கியது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, இவ்வளவும் அதில் ஏற வேண்டும்.

ஒரு பால் வெட்டும் உளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத உளி வெறும் இரும்பு. பழைய இரும்புக்காரன் கிலோவுக்குச் சில காசு கொடுப்பான். அதே உளிக்குப் பக்கத்தில், 'இதைப் பிடித்தவர் இன்னார். விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போனவர். நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்' என்று எழுதினால், அந்த வீட்டுப் பேரப்பிள்ளை அதன் முன்னால் நிற்கும்போது முதுகு நிமிராதா?

இன்னொன்றையும் அந்த ஏட்டில் எழுதுங்கள். கொடுத்தது தானமா, இரவலா? இதை எழுதாமல் விட்டால் பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் வந்து 'எங்கள் பாட்டியின் குத்துவிளக்கு எங்கே' என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம், சங்கம் விழிப்பதும் நியாயம். கொடுத்தவர் கையெழுத்து ஒன்று இருந்தால் சண்டை இல்லை. ரேகை வைத்தாலும் போதும்.

பெரியவர்களிடம் கதை கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'உங்கள் சரித்திரத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பாட்டி வாயை மூடிக்கொள்வார். 'பிரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க பாட்டி? கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுட்டா, பால் கொடுக்க யார் கூட்டி வருவாங்க? காண்டா வாளி தூக்கி எந்த மேட்டில் வழுக்கி விழுந்தீங்க?' என்று கேளுங்கள். மடை திறந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்து, அன்றே ஏட்டில் நம்பர் போட்டுவிடுங்கள். கள்ளுக்கடையையும் கடனையும் அடியையும் அவர் சொன்னால் அதையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை, சரித்திரம் ஆகாது.

பராமரிப்பும் பணமும்

ஜொகூரின் ஈரக் காற்று, கரையான், வெள்ளிப்பூச்சி, இம்மூன்றும் நம் முதல் எதிரிகள். நாலாவது எதிரி நம் ஆர்வக்கோளாறு. கிழிந்த பத்திரத்தை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. படத்தின் பின்னால் மைப்பேனாவால் எழுதாதீர்கள். மெத்தென்ற பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பழைய பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்கச் சித்திரமும் எழுத்தும் போய்விடும். பூச்சி அரித்த புத்தகத்தையோ துணியையோ பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். பூச்சி மருந்து இல்லாமலே பூச்சி சாகும்.

சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆண்டுக் கூட்டம் நடத்தி 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் சங்கப் பதிவு இலாகாவுக்குப் போக வேண்டும். இதை மறந்துதான் நம் சங்கங்கள் பல பதிவை இழக்கின்றன. செயலாளராக நன்றாகப் பேசுகிறவரைப் போடாதீர்கள். தேதி தவறாமல் எழுதுகிறவரைப் போடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது அந்த வீட்டு மருமகளாக இருக்கும்.

பணத்துக்கு எங்கே போவது? 1960-ஐ நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, ஒவ்வொரு தொழிலாளியிடமும் மாதம் பத்து வெள்ளி கேட்டார். மறு வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர்களின் சங்கத்துக்குச் சொந்தமானது. அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி பெரிய பணம். தோட்டத்தையே வாங்கிய ஜனங்களுக்கு, ஒரு வீட்டின் கரண்டு பில்லும் கூரைச் செலவும் பெரிதா? பெரிய மனிதர் ஒருவரின் ஆயிரத்தைவிட, நூறு வீட்டின் பத்துப் பத்து வெள்ளிதான் சங்கத்தைக் காக்கும். ஆயிரம் கொடுத்தவர் கோபித்துக்கொண்டால் வீட்டைப் பூட்ட வேண்டியதுதான். நூறு பேரும் ஒரே நாளில் கோபிக்க மாட்டார்கள்.

தினமும் திறப்போம் என்று பலகை மாட்டிவிட்டுப் பூட்டி வைக்காதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து நான்கு மணி வரை என்று வையுங்கள். ஆனால் மழை பெய்தாலும் திறந்திருக்க வேண்டும். தொலைவிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்த தாத்தா பூட்டைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த முறை அவர் வர மாட்டார். அவர் கையிலிருந்த பழைய படமும் வராது.

'எங்கள் தோட்டமே இப்போது இல்லையே, தாமானும் பேக்டரியும் ஆகிவிட்டதே, வீட்டுக்கு எங்கே போவது?' என்று கேட்கிறீர்களா? கோயில் மண்டபத்தில் ஓர் அறை, தமிழ்ப்பள்ளியில் ஓர் அலமாரி, அதுவும் இல்லாவிட்டால் ஒருவர் வீட்டு முன்கூடம் போதும். மலாக்கா காஜா பெராங் சாலையில் செட்டி சமூகத்தார் தங்கள் கம்பத்திலேயே ஒரு சின்ன மியூசியம் வைத்திருக்கிறார்கள். கூட்டம் சின்னது, பற்றுப் பெரிது. ஜொகூர் பாரு ஜாலான் இப்ராஹிமில் சீனர்கள் 2009-இல் தங்கள் பாரம்பரிய மியூசியத்தைத் திறந்தார்கள். ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பொறாமைப்படுவதற்காக அல்ல, அவர்கள் எப்படிப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

வாசக அன்பர்களே, கட்டடம் நாளை வரலாம், நாளை மறுநாள் வரலாம். பாட்டி அதுவரை காத்திருப்பார் என்று யார் சொல்ல முடியும்? இந்த ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடிந்ததும் பழைய படப் பெட்டியைத் திறந்து பாட்டியின் மடியில் வையுங்கள். பிள்ளைகளில் ஒருவர் கையில் பென்சிலும் நோட்டும் இருக்கட்டும். படத்தில் நிற்கிறவர்களை இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லச் சொல்லி எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தின் ஏட்டில் முதல் நம்பர் அதுதான்.