பக்கச் சுட்டி அலங்காரமன்று

மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியபோது, ஒரு தமிழ் நூல் இணையத்தில் இருக்கிறது என்பதே நமக்குப் பெருமகிழ்ச்சி. எழுத்துரு திறக்குமா, கட்டம் கட்டமாகத் தெரியுமா என்பதே அன்றைய கவலை. ஒருங்குறி பரவியதும் அக்கவலை ஓய்ந்தது. ஆனால் கிடைத்த நூலுக்குள் எவ்வாறு நடமாடுவது என்னும் கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. செவ்வியல் நூல்களை வலைச்செயலிகளாக ஆக்கித் தரும் நிரலாளர்களிடமும், அவர்களுக்கு அப்பணியை அளிக்கும் கல்வி நிறுவனங்களிடமும் இங்கே அதைக் கேட்கிறோம்.

நம் வழக்கு எளியது. ஒரு நூலை வலைச்செயலியாக்குவோர் ஒவ்வொரு பக்கத்திலும் முதல், முந்தைய, அடுத்த, இறுதி என்னும் சுட்டிகளை இட்டே ஆகவேண்டும். ஒவ்வொரு சுட்டியும் மாறாத முகவரி ஒன்றுக்கு இட்டுச்செல்ல வேண்டும். நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று இதனைப் பட்டியலின் கடைசியில் வைப்பது வாசகருக்கு இழைக்கும் அநீதி.

இன்று பெருகிவரும் வடிவம் எது? திரையைத் தள்ளத் தள்ள அடுத்த இருபது பாடல்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அல்லது அடியில் 'மேலும் காட்டு' என்றொரு பொத்தான். நூறாவது பாடலுக்கு வந்த பின்னும் முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தும் மாறியிருப்பதில்லை. இடையில் உலாவி மூடிக்கொண்டால் மீண்டும் முதற்பாடலிலிருந்து தள்ளவேண்டும். ஆய்வு மாணவர் அம்முகவரியை அடிக்குறிப்பில் தருகிறார். தேர்வாளர் சொடுக்கினால் வந்து நிற்பது முகப்பு. மாணவர் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் அவர் காட்டிய சான்று காட்டிய இடத்தில் இல்லை. இடம் சுட்ட இயலாத நூலை வைத்துக்கொண்டு ஆய்வு எப்படி நடக்கும்?

இந்த முடிவிலா உருட்டலை 2006இல் வடிவமைத்தவராக அறியப்படும் அசா ரஸ்கினே பின்னாளில் அதற்காகப் பொதுவில் வருந்தியிருக்கிறார். கூகிள் தன் தேடல் முடிவுகளில் 2021இல் கைப்பேசியிலும் 2022இல் கணினியிலும் இம்முறையைக் கொண்டுவந்து, 2024இல் கைவிட்டது. செய்தித் துணுக்குகளுக்கும் நிழற்படங்களுக்கும் அது பொருந்தலாம். நேற்றுப் பார்த்த துணுக்கை இன்று தேடுவோர் சிலரே. புறநானூறு அத்தகைய துணுக்கன்று. அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் எண் உண்டு.

நம் சுவடி மரபும் சுருள் மரபன்று. ஓலை தனித்தனி ஏடு. ஏட்டின் ஓரத்தில் எண். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தாலும் அவ்வெண்ணைக் கொண்டு மீண்டும் அடுக்கலாம். காண்டம், படலம், இயல், அதிகாரம் என்னும் பகுப்புகள் எல்லாம் வாசகர் தாம் நிற்கும் இடத்தை அறியும் பொருட்டு எழுந்தவை. தொல்காப்பியம் மூன்று அதிகாரமாய், ஒவ்வொன்றும் ஒன்பது இயலாய் நிற்கிறது. குறள் 133 அதிகாரமாய் நிற்கிறது. அந்தாதியிலோ ஒரு பாடலின் ஈறே அடுத்த பாடலின் முதலாகிக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. இத்தனை வழிகாட்டிகளையும் உடைய நூல்களை எடுத்து, அவற்றைக் களைந்துவிட்டு, ஒரே நீளத் துணியாக விரித்துப் போடுவதற்கு நவீனம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

சுட்டி இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குப் புறநானூறே சான்று. அதில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. நிரலாளர் தரவுத்தளத்தில் உள்ள 398 வரிசைகளையும் எண்ணிப் பக்கத்துக்கு இருபதாகப் பகுத்தால், பதினான்காம் பக்கத்தில் 261 முதல் 280 வரை இருக்காது. 282 வரை இருக்கும். அங்கிருந்து நூல் முடியும் வரை பக்கத்துக்கும் பாடலுக்கும் உள்ள கணக்குப் பிசகிவிடும். வரிசை எண்ணையே பாடல் எண்ணாகவும் அச்சிடுகிறவர்கள் 269ஆம் பாடலை 267 ஆக்கிவிடுவார்கள். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. நமக்குக் கிடைக்கும் முதற்பாடலின் எண் 11. செயலி அதனை 1 என்று காட்டினால், உரைகளிலும் ஆய்வேடுகளிலும் உள்ள எல்லா மேற்கோள்களும் அந்தச் செயலிக்குள் பொய்யாகிவிடும்.

ஆகவே முகவரி பாடலின் எண்ணால் அமையவேண்டும். தரவுத்தளத்தின் வரிசையால் அமையலாகாது. அதற்கும் மேலாக ஒன்று கேட்போம். 266ஆம் பாடலின் கீழுள்ள 'அடுத்த' என்னும் சுட்டி 269க்குத் தாவக்கூடாது. 267க்கே செல்லவேண்டும்; அங்கே 'இப்பாடல் கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரி இருக்கவேண்டும். வெற்றுப் பக்கம் எதற்கு என்று கேட்பார்கள். இழந்ததை இழந்தோம் என்று சொல்வதற்கு. மௌனமாகத் தாண்டிச் செல்லும் சுட்டி, அவ்விரு பாடல்களும் எக்காலத்தும் இருந்ததில்லை என்று இளம் வாசகருக்குக் கற்பிக்கிறது.

மறுதரப்பின் வாதங்களையும் பார்த்துவிடுவோம். தேடுபெட்டி இருக்கும்போது சுட்டி எதற்கு என்பது முதலாவது. தேடுபெட்டி, எதைத் தேடுகிறோம் என்று முன்பே அறிந்தவருக்கு உதவும். நூலை முதன்முறை படிப்பவருக்கு உதவாது. அன்றியும் தமிழ் புணர்ச்சியுடைய மொழி. 'பொன்' என்று தட்டினால் பொற்குடம் அகப்படாது. 'மரம்' என்று தட்டினால் மரவேர் அகப்படாது. சந்தி பிரித்தறியாத தேடலை நம்பி வழிகளை அடைத்துவிடுவது, திண்ணையை இடித்துவிட்டு வாசலில் அழைப்புமணி வைப்பது போன்றது.

எண்களும் அம்புக்குறிகளும் திரையின் அழகைக் கெடுக்கும் என்பது இரண்டாவது. அச்சுப் புத்தகத்தில் பக்க எண்ணைக் கண்டு முகம் சுளித்த வாசகரை நாம் அறியோம். யாரும் அவற்றைச் சொடுக்குவதில்லை என்பது மூன்றாவது. ஆயிரம் பேர் சொடுக்காமல் போகலாம். ஒரு மாணவி, ஓர் உரைகாரர், பிழை திருத்தும் ஒரு பதிப்பாளர் சொடுக்குவார்கள். நூலகத்தில் அகராதி வைப்பது அன்றாடம் எத்தனை பேர் புரட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தா? கண்பார்வையற்ற வாசகரையும் நினைக்கவேண்டும். திரைவாசிப்பான் கொண்டு கேட்பவருக்கு முடிவற்று நீளும் பக்கம் ஒரு பொறி; பெயரிடப்பட்ட சுட்டி ஒரு கைப்பிடிச் சுவர்.

மிகுந்த உழைப்பு வேண்டும் என்பதே கடைசி வாதம். இதுதான் உண்மைக்கு மிகத் தொலைவில் உள்ளது. சுட்டி என்பது இணையத்தின் பிறவிக் குணம். 1999 டிசம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 4.01 நெறிமுறையிலேயே ஓர் ஆவணத்திலிருந்து மற்றொன்றுக்கான உறவுகளாகத் தொடக்கம், அடுத்தது, முந்தையது, பொருளடக்கம், அதிகாரம் ஆகியவை வகுக்கப்பட்டுள்ளன. புத்தகத்தின் சொற்களைக் கொண்டே அதனை வகுத்தார்கள். உழைப்பெல்லாம் அவற்றைத் தவிர்த்துவிட்டுப் பொத்தானுக்குள் தனி நிரல் எழுதி மறைப்பதில்தான் செலவாகிறது. அவ்வாறு மறைத்த பொத்தானைப் புதிய சாளரத்தில் திறக்கவியலாது. அதன் பின்னுள்ள பக்கங்களை இணைய ஆவணக் காப்பகங்களும் பெரும்பாலும் எட்டுவதில்லை. நிதி தீர்ந்து ஒருநாள் அந்தத் தளம் மூடப்பட்டால், எஞ்சி நிற்பது முகப்பில் தெரிந்த இருபது பாடல்கள் மட்டுமே.

நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வலியுறுத்தி எழுதினார். அதே ஆண்டில்தான் மதுரைத் திட்டமும் தொடங்கியது. கால் நூற்றாண்டுக்கும் மேலான பின்பு, பொதுப்பணத்தில் கட்டப்படும் ஒரு செயலியிடம் நாம் கேட்பது அதிகமன்று. பாடலுக்கொரு முகவரி, முன்னும் பின்னும் செல்ல உண்மையான சுட்டி, நிற்கும் இடம் எதுவென்று காட்டும் எண், உலாவியில் பின்னோக்கிச் சென்றால் விட்ட இடத்துக்கே திரும்பும் வசதி. செயலியை ஏற்றுக்கொள்ளும் குழுவில் ஒரு தமிழாசிரியரேனும் இருப்பார். கையொப்பமிடுமுன் அவர் 266ஆம் பாடலைத் திறந்து 'அடுத்த' என்பதை ஒருமுறை சொடுக்கிப் பார்க்கட்டும். அந்தச் சுட்டி இல்லையென்றாலும், அது 269க்குத் தாவினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடட்டும்.